எலும்பை உயிருள்ள உறுப்பாக எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் மனித எலும்பு மண்டலத்தைப் பற்றி அண்மையில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். வளர்ந்த மனிதனின் உடலில் 206 எலும்புகள் உள்ளன என்பதையும், முக்கியமான எலும்புகளின் பெயர்களையும், தாங்குதல், பாதுகாத்தல், அசைதல் ஆகிய பணிகளையும் அக்கட்டுரை படத்துடன் எடுத்துரைத்திருந்தது. தனித்தனியாகப் பார்த்தால் அதில் பிழை என்று சுட்ட ஒரு வரியும் இல்லை. ஆயினும், எலும்புக்கூட்டை வீட்டைத் தாங்கும் தூணோடு ஒப்பிட்டுத் தொடங்கிய கட்டுரை, கடைசி வரி வரையில் அந்த ஒப்புமையை விட்டு நகரவே இல்லை. நட்ட தூண் வளர்வதில்லை. விரிசல் விட்டால் தானாகக் கூடுவதில்லை. சுமை ஏறினால் தடிப்பதும் இல்லை, சுமை இறங்கினால் மெலிவதும் இல்லை. எலும்பு இவை அத்தனையையும் செய்கிறது. அதற்கு மேலும், இரத்த அணுக்களை உருவாக்குகிறது, இரத்தத்தில் உள்ள கால்சியத்தின் அளவைக் காக்கிறது, சிறுநீரகத்துக்கு ஹார்மோன் வழியாகச் செய்தி அனுப்புகிறது. பள்ளியில் நெடுங்காலம் உயிரியல் கற்பித்தவன் என்ற முறையில், இந்தப் பாதியை விட்டுவிட்டு எலும்பைப் பற்றி எழுதுவது எலும்பைப் பற்றி எழுதாமல் இருப்பதற்குச் சமம் என்றே நான் கருதுகிறேன். அதனால்தான் இக்கடிதம் சற்று நீண்டாலும் பரவாயில்லை என்று எழுதத் துணிந்தேன்.

இந்தக் குறை தங்கள் கட்டுரைக்கு மட்டும் உரியதன்று. எலும்பை நாம் கண்ணால் காணும் வாய்ப்புகள் இரண்டே. ஒன்று, ஆய்வுக்கூடத்தில் கம்பியால் கோத்துத் தொங்கவிடப்பட்டிருக்கும் எலும்புக்கூடு; மற்றொன்று எக்ஸ்ரே படம். முதலாவதில் எலும்பைப் போர்த்தியிருந்த உறை, உள்ளே ஓடிய குழாய்கள், நிறைந்திருந்த மஜ்ஜை, வாழ்ந்திருந்த செல்கள் எல்லாம் நீங்கி, காய்ந்த மிச்சம் மட்டுமே எஞ்சியிருக்கிறது. இரண்டாவதிலும் நிலை பெரிதும் வேறல்ல. வில்ஹெல்ம் ராண்ட்ஜன் 1895ஆம் ஆண்டு நவம்பரில் எக்ஸ் கதிர்களைக் கண்டறிந்து, அதே ஆண்டு டிசம்பர் 22 அன்று தம் மனைவியின் கையைப் படமெடுத்தார். அன்று முதல் இன்று வரை எக்ஸ்ரே படத்தில் வெண்மையாகத் தெரிவது பெரும்பாலும் எலும்பில் படிந்திருக்கும் கால்சியத்தின் நிழலே. மஜ்ஜையும் நரம்பும் செல்களும் அப்படத்தில் தனித்துத் தெரிவதில்லை. இவ்விரண்டு காட்சிகளையும் கொண்டே நம் மனம் எலும்பை வரைந்து வைத்திருப்பதால், அது உயிரற்ற, மாறாத, வெள்ளைப் பொருளாகவே நமக்குத் தோன்றுகிறது. உயிருள்ள உடலில் இருக்கும் எலும்போ வெளிர் இளஞ்சிவப்பு நிறமும் ஈரப்பதமும் கொண்டது. வெட்டினால் அதில் இரத்தம் கசியும்.

எலும்பு எதனால் ஆனது என்பதிலிருந்து தொடங்குவது நல்லது. அதன் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கனிமம். கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த ஹைட்ராக்ஸி அபடைட் என்னும் நுண்ணிய படிகங்கள் அவை. எஞ்சியதில் பெரும்பகுதி கொலாஜன் என்னும் புரத நார்கள், மீதி நீர். இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று எப்படி ஈடுகொடுக்கின்றன என்பதை மாணவருக்கு விளக்க எளிய சோதனை ஒன்று உண்டு. கோழியின் மெல்லிய கால் எலும்பு ஒன்றைச் சதை நீக்கிக் கழுவி வினிகரில் போட்டு வைத்தால், சற்று நேரத்தில் அதன் மேல் சிறு குமிழிகள் அரும்பத் தொடங்கும். வினிகரை அவ்வப்போது மாற்றிச் சில நாள்கள் விட்டுவிட்டால், அமிலம் கனிமத்தைக் கரைத்துக் கொண்டுபோய்விடும். வெளியே எடுக்கும்போது எலும்பின் வடிவத்தில் எந்த மாற்றமும் தெரியாது. புடைப்பும் பள்ளமும் அப்படியே இருக்கும். ஆனால் விரலால் அழுத்தினால் ரப்பரைப் போல் வளையும். எலும்பு போதிய நீளம் இருந்தால் முடிச்சுக்கூடப் போடலாம். இதற்கு மாறாக, இன்னோர் எலும்பைத் தீயில் நன்கு சுட்டால் கொலாஜன் எரிந்துபோகும். அப்போதும் வடிவம் மாறாது. தொட்டால் மட்டும் பொலபொலவென உதிர்ந்துவிடும். கடினம் கனிமத்திலிருந்து வருகிறது, முறியாமல் தாங்கும் இழுவைத் திறன் கொலாஜனிலிருந்து வருகிறது என்பதை இவ்விரண்டு எலும்புகளையும் கையில் வாங்கிப் பார்த்த மாணவர் பின்னர் மறந்து நான் கண்டதில்லை. வைட்டமின் டி குறைந்த குழந்தையின் கால்கள் ஏன் வளைகின்றன என்ற கேள்விக்கான விடையும் அந்த வளைந்த எலும்பிலேயே இருக்கிறது. அக்குழந்தையின் உடலில் கொலாஜன் இருக்கிறது. அதன் மேல் படிய வேண்டிய கனிமந்தான் போதவில்லை.

அடுத்து, அமைப்பு. தொடை எலும்பை நெடுக்காக வெட்டிப் பார்த்தால் அதன் தண்டுப் பகுதியில் தடித்த சுவரும் நடுவே மஜ்ஜை நிறைந்த குழியும் தெரியும். அந்தச் சுவர் கெட்டி எலும்பு. இரு முனைகளிலும் உள்ளே பார்த்தால் வலைப்பின்னலாகப் பஞ்சு எலும்பு தெரியும். கெட்டி எலும்பை மெல்லிய சீவலாக்கி நுண்ணோக்கியில் வைத்தால், நடுவில் ஒரு நுண்கால்வாயும் அதைச் சுற்றி வளையம் வளையமாக அடுக்குகளும் தென்படும். 1691இல் இந்தக் கால்வாய்களைப் பற்றி எழுதிய ஆங்கில மருத்துவர் கிளாப்டன் ஹேவர்ஸின் பெயராலேயே அவை ஹேவர்சியன் கால்வாய்கள் எனப்படுகின்றன. கால்வாயின் வழியே இரத்தக் குழாயும் நரம்பும் செல்கின்றன. வளையங்களுக்கு இடையே சிறு சிறு அறைகளில் ஆஸ்டியோசைட் என்னும் எலும்புச் செல்கள் குடியிருக்கின்றன. ஒவ்வொரு செல்லும் மயிரிழையினும் மெல்லிய கிளைகளை நீட்டி அண்டைச் செல்லைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. கல்லாகத் தோன்றும் பொருளுக்குள் ஓரிடத்தில் விழும் அழுத்தத்தை உணர்ந்து மற்றோரிடத்துக்குத் தெரிவிக்கும் ஏற்பாடு இதுவே.

பஞ்சு எலும்பின் கதை இன்னும் சுவையானது. அதன் நுண்கம்பிகள் மனம்போன போக்கில் அமைந்தவை என்றே முன்பு எண்ணப்பட்டது. 1860களில் சூரிச் நகரில், உடற்கூறு அறிஞரான ஹெர்மன் வான் மேயர் தொடை எலும்பின் தலைப்பகுதியை வெட்டி வரைந்து காட்டினார். பொறியாளரான கார்ல் கல்மன், அவ்வரைபடத்தில் நுண்கம்பிகள் வளைந்து செல்லும் பாதை, சுமை தூக்கும் வளைந்த பாரந்தூக்கி ஒன்றில் தகைவு, அதாவது சுமையால் உள்ளே எழும் அழுத்தமும் இழுப்பும், பரவும் கோடுகளை ஒத்திருப்பதைக் கண்டு வியந்தார். அதாவது, உடலின் எடை எந்த வழியாகக் காலுக்கு இறங்குகிறதோ அந்த வழியில்தான் எலும்பும் தன் பொருளைச் செலவிட்டிருக்கிறது. விசை படாத இடத்தை வெற்றிடமாக விட்டிருக்கிறது. எலும்பு மண்டலம் முழுவதும் சேர்ந்து உடல் எடையில் ஏறத்தாழ 15 விழுக்காடு மட்டுமே இருப்பதற்கும், அந்தக் குறைந்த எடையைக் கொண்டு ஓடவும் தாவவும் நம்மால் முடிவதற்கும் இந்தச் சிக்கனமே காரணம். சுமை மாறினால் எலும்பின் உள்ளமைப்பும் அதற்கேற்ப மாறும் என்ற விதியை ஜெர்மானிய அறுவை மருத்துவர் ஜூலியஸ் வோல்ஃப் 1892இல் வெளியிட்டார். விதியின் கணித வடிவத்தைப் பின்வந்தோர் திருத்தினாலும் அதன் சாரம் இன்றும் நிற்கிறது.

இந்த மாற்றத்தை நிகழ்த்துவோர் யார் என்பதைத்தான் தங்கள் கட்டுரை அடியோடு விட்டுவிட்டது. ஆஸ்டியோகிளாஸ்ட் என்னும் பெரிய செல்கள், பல உட்கருக்கள் கொண்டவை, எலும்பின் பரப்பில் ஒட்டிக்கொண்டு அமிலமும் நொதியும் சுரந்து பழைய எலும்பைக் கரைக்கின்றன. இவை இரத்த வெள்ளணுக்களின் குடும்பத்திலிருந்து வருபவை. அவை பள்ளம் பறித்துவிட்டு நகர்ந்ததும், ஆஸ்டியோபிளாஸ்ட் என்னும் செல்கள் அவ்விடத்தில் கூடிக் கொலாஜனை நெய்து, அதன் மேல் கனிமம் படியச் செய்கின்றன. கரைப்பது சில வாரங்களில் முடிந்துவிடுகிறது; கட்டுவதற்குச் சில மாதங்கள் ஆகின்றன. கட்டி முடித்த செல்களில் சில தாம் கட்டிய சுவருக்குள்ளேயே அகப்பட்டு, நான் முன்பு சொன்ன ஆஸ்டியோசைட்டுகளாக மாறி, பல்லாண்டுகள் அங்கேயே வாழ்கின்றன. வளர்ந்தவரின் எலும்பில் ஆண்டுக்கு ஏறத்தாழ 10 விழுக்காடு இவ்வாறு புதுப்பிக்கப்படுகிறது. நடக்கும்போதும் குதிக்கும்போதும் எலும்பில் தோன்றும் கண்ணுக்குத் தெரியாத நுண்கீறல்கள் சேர்ந்து பெரிய முறிவாகாமல் நம்மைக் காப்பது இந்த ஓயாத பழுதுபார்ப்புத்தான்.

கரைப்பதும் கட்டுவதும் சமமாக இருக்கும் வரை எலும்பு நிலையாக இருக்கும். சமநிலை எப்பக்கம் சாயும் என்பதில் உடலியக்கத்துக்குப் பெரும் பங்கு உண்டு. இளம் வயதிலிருந்து டென்னிஸ் ஆடுவோரின் மட்டை பிடிக்கும் கையின் எலும்பு மற்றக் கையின் எலும்பைவிடத் தடித்திருக்கும். அதே மனிதர், அதே உணவு, அதே இரத்தம். வேறுபாடு சுமையில் மட்டுமே. இதற்கு நேர்மாறான சான்றை விண்வெளி வீரர்கள் தருகிறார்கள். எடையற்ற சூழலில் மாதக்கணக்கில் வாழும்போது, இடுப்பு, தொடை போன்ற எடை தாங்கும் பகுதிகளில் மாதத்துக்கு ஏறத்தாழ 1 முதல் 1.5 விழுக்காடு வரை அவர்களின் எலும்பு அடர்த்தி குறைகிறது. அதனால்தான் விண்கலத்துக்குள்ளும் அவர்கள் நாள்தோறும் கடும் உடற்பயிற்சி செய்ய வைக்கப்படுகிறார்கள். நீண்ட நாள் படுக்கையில் கிடக்கும் நோயாளியின் எலும்பும் இதே வழியில்தான் மெலிகிறது. வயதானவர் விழுந்துவிடுவாரோ என்ற அச்சத்தில், நடக்கக்கூடிய ஒருவரை நாற்காலியிலேயே அமர்த்தி வைக்கும் அன்பு அவருடைய எலும்புக்கு நன்மை செய்வதில்லை.

முறிந்த எலும்பு கூடும் விதத்தையும் இங்கே சொல்ல வேண்டும். தோலில் ஆழமான வெட்டு ஆறும்போது தழும்பு மிஞ்சுகிறது. தழும்பு முன்பிருந்த தோல் அன்று. எலும்போ எலும்பாலேயே கூடுகிறது. முறிந்த இடத்தில் முதலில் இரத்தம் உறைகிறது. பிறகு நாரும் குருத்தெலும்பும் கலந்த மென்மையான பிணைப்பு உருவாகிறது. அது மெல்லக் கடினமான எலும்பாக மாறுகிறது. கடைசியாக ஆஸ்டியோகிளாஸ்ட்டுகள் மிகையான புடைப்பைச் செதுக்கி எடுக்கின்றன. சிறு குழந்தைகளில், சரியாகச் சேர்த்து வைத்த முறிவு இருந்த இடம் சில ஆண்டுகள் கழித்து எக்ஸ்ரேயில் தெரியாமலே போவதுண்டு. மாவுக்கட்டோ உலோகத் தகடோ முறிவைக் கூட்டுவதில்லை. முனைகளை அசையாமல் நேராகப் பிடித்து வைப்பதே அவற்றின் வேலை. கூட்டுவது எலும்பு உறையில் உள்ள செல்களும் அவற்றுக்கு வரும் இரத்தமும். புகைபிடிப்போருக்கு எலும்பு கூடத் தாமதமாவதற்கும், இரத்த ஓட்டம் குன்றிய பகுதிகளில் முறிவு ஆறச் சிரமப்படுவதற்கும் காரணம் இதுவே.

206 என்னும் எண்ணிக்கைக்கு வருகிறேன். தங்கள் கட்டுரையில் அது பெரிய எழுத்தில் அச்சிடப்பட்டிருந்தது. மண்டையோடு, காதுக்குள் உள்ள எலும்புகள், நாவடி எலும்பு, முதுகெலும்பு, விலாக்கூடு ஆகியவை அடங்கிய அச்சுப் பகுதியில் 80, கைகால்களும் அவற்றை உடலோடு இணைக்கும் வளையங்களும் அடங்கிய பகுதியில் 126 என்று கணக்கிடுவது வழக்கம். இது சரியே. ஆனால் பிறந்த குழந்தையின் உடலில் தனித்தனி எலும்புகள் ஏறத்தாழ 270 முதல் 300 வரை இருக்கும் என்பதையும், வளரும்போது அவற்றில் பல ஒன்றோடொன்று இணைந்தே இந்த எண்ணிக்கை வருகிறது என்பதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால், மாணவர் அதை மாறாத எண்ணாக மனப்பாடம் செய்துகொள்வார். முதுகெலும்பின் கீழ்ப்பகுதியில் ஐந்து முள்ளெலும்புகள் ஒன்றாகித் திருவெலும்பு ஆகின்றன. அதற்கும் கீழே உள்ளவை இணைந்து வாலெலும்பு ஆகின்றன. ஒவ்வோர் இடுப்பெலும்பும் மூன்று எலும்புகள் பருவ வயதில் இணைந்து உருவானது. வளர்ந்தவரிலும் எல்லோருக்கும் எண்ணிக்கை ஒன்றாக இருப்பதில்லை; சிலருக்கு ஒரு விலா எலும்பு கூடுதலாக இருக்கும், சிலருக்குத் தசைநாணுக்குள் சிறு எலும்பு ஒன்று அதிகப்படியாக உருவாகியிருக்கும்.

எண்ணிக்கையைச் சொல்லும்போது இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. பண்டைக் கிரேக்க மருத்துவர் காலன், பெரும்பாலும் குரங்குகளையும் பிற விலங்குகளையும் அறுத்துப் பார்த்து எழுதியவற்றை ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக ஐரோப்பா அப்படியே ஒப்பித்து வந்தது. மனிதனின் கீழ்த்தாடை இரண்டு எலும்புகளால் ஆனது என்பது அவற்றுள் ஒன்று. 1543இல் ஆண்ட்ரியாஸ் வெசாலியஸ், தாமே மனித உடல்களை அறுத்துப் பார்த்து, கீழ்த்தாடை ஒரே எலும்பு என்றும், விலா எலும்புகளின் எண்ணிக்கை ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றே என்றும் எழுதினார். அதே ஆண்டில் அவர் பாசல் நகரில் கோத்து நிறுத்திய எலும்புக்கூடு இன்றும் அங்குள்ள உடற்கூறு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆணுக்கு ஒரு விலா குறைவு என்ற நம்பிக்கை அதற்குப் பின்னும் மறையவில்லை. தன் விலாவைத் தானே எண்ணிப் பார்க்க முடியும் என்னும்போது, கேட்டதை நம்புவதும் கண்டதை எழுதுவதும் எவ்வளவு வேறானவை என்பதை மாணவருக்குக் காட்ட இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

எலும்பு எப்படி நீள்கிறது என்பதையும் பெற்றோர் அறிந்திருப்பது நல்லது. கருவில் கை, கால்களின் எலும்புகள் முதலில் குருத்தெலும்பாகவே உருவாகி, பிறகு படிப்படியாக எலும்பாகின்றன. குழந்தையின் நீண்ட எலும்புகளில், முனைக்குச் சற்று உள்ளே, வளர்ச்சித் தட்டு என்னும் குருத்தெலும்பு அடுக்கு எஞ்சியிருக்கும். அதன் செல்கள் ஒரு பக்கம் பெருகிக்கொண்டே போக, மறுபக்கம் எலும்பாக மாறிக்கொண்டே வரும். உயரம் கூடுவது இப்படித்தான். பருவ வயதில் சுரக்கும் ஹார்மோன்கள் முதலில் இந்த வளர்ச்சியை விரைவுபடுத்தி, பின்னர் அவையே அந்தத் தட்டை மூடிவிடுகின்றன. மூடிய பிறகு எந்த மாத்திரையாலும் பொடியாலும் உயரத்தைக் கூட்ட முடியாது. உயரம் வளர்க்கும் மருந்து என்று விளம்பரம் செய்வோரிடம் பணத்தை இழக்கும் இளைஞர்கள் இந்த ஒரு செய்தியை அறிந்திருந்தால் போதும். வளர்ச்சித் தட்டு திறந்திருக்கும் வயதில் மூட்டருகே அடிபட்டால் அதைச் சுளுக்கு என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் காட்ட வேண்டியதன் காரணமும் இதிலேயே இருக்கிறது. தட்டு சிதைந்தால் அந்தக் கையோ காலோ நீளம் குறைந்தோ கோணியோ வளரக்கூடும். கழுத்தடியிலிருந்து தோளுக்குச் செல்லும் காரை எலும்பு இதில் தனிச் சிறப்புடையது. கருவில் முதன்முதலாக எலும்பாகத் தொடங்குவதும் அதுவே. உட்புற முனை இருபதுகளின் நடுப்பகுதி வரை இணையாமல் இருந்து, கடைசியாக முழுமை பெறுவதும் அதுவே.

அசைவைப் பற்றித் தங்கள் கட்டுரை போதுமான அளவு எழுதியிருந்ததால் நான் விரிக்கவில்லை. தசை இழுக்க மட்டுமே வல்லது, தள்ள வல்லதன்று. ஆகவே ஒவ்வொரு மூட்டிலும் எதிரெதிராக இழுக்கும் தசைகள் வேண்டியிருக்கின்றன என்பதை மட்டும் சேர்த்திருக்கலாம். 206இல் 106 எலும்புகள் கைகளிலும் பாதங்களிலுமே அமைந்திருக்கின்றன என்பதும் மாணவர் எண்ணிப் பார்க்கத்தக்கது. ஊசியில் நூல் கோக்கும் நுட்பமும், மேடுபள்ளத்தில் சாயாமல் கால் ஊன்றும் திறமும் அந்தச் சிறு எலும்புகளின் கூட்டத்தால் வருபவை. அதேபோல், 3 மில்லிமீட்டர் அளவே உள்ள அங்கவடி எலும்பு, காதுக்குள் சுத்தி, பட்டடை என்னும் மற்ற இரு எலும்புகளோடு சேர்ந்து செவிப்பறையின் அதிர்வை உட்செவிக்குக் கடத்துகிறது. எதையும் தாங்காத, எதையும் பாதுகாக்காத அந்த எலும்பு இல்லையேல் நாம் கேட்பது பெரிதும் குன்றிவிடும்.

கால்சியத்தைப் பற்றி எழுதாமல் விட்டது பெரிய குறை. உடலில் உள்ள கால்சியத்தில் 99 விழுக்காடு எலும்பிலும் பல்லிலும் இருக்கிறது. மீதியுள்ள ஒரு விழுக்காட்டை நம்பித்தான் இதயம் துடிக்கிறது, தசை சுருங்குகிறது, நரம்பு செய்தி கடத்துகிறது, இரத்தம் உறைகிறது. ஆகவே 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் ஏறத்தாழ 9 முதல் 10 மில்லிகிராம் என்ற அளவில் கால்சியத்தை நிறுத்தி வைக்க உடல் எந்த விலையும் கொடுக்கும். அளவு சற்றுக் குறைந்தால், கழுத்தில் தைராய்டு சுரப்பியின் பின்னே அமைந்துள்ள நான்கு சிறிய பாராதைராய்டு சுரப்பிகள் ஹார்மோனைச் சுரக்கின்றன. எலும்பிலிருந்து கால்சியம் எடுக்கப்படுகிறது. சிறுநீரகம் கால்சியத்தை வெளியேற்றாமல் தடுத்து வைக்கிறது. வைட்டமின் டி செயல்வடிவம் பெற்றுக் குடல் உணவிலிருந்து கூடுதலாக உறிஞ்சுகிறது. இதனால் எலும்பு மெலிந்துகொண்டிருக்கும் ஒருவருடைய இரத்தப் பரிசோதனையில் கால்சியம் இயல்பாகவே காட்டலாம். இரத்தத்தில் கால்சியம் சரியாக இருக்கிறது, ஆகவே எலும்பும் நலமாக இருக்கிறது என்று எண்ணிக்கொள்பவர்கள் பலர். அது தவறான முடிவு.

மஜ்ஜை குறித்தும் ஒரு வார்த்தை. இரத்தம் எங்கே உருவாகிறது என்ற கேள்விக்கு, எலும்புக்குள் என்ற விடையை 1868இல் எர்ன்ஸ்ட் நாய்மன் என்னும் ஜெர்மானிய அறிஞர் வெளியிட்டார். பிறக்கும்போது எலும்புகளின் உள்ளே பெரும்பாலும் சிவப்பு மஜ்ஜையே இருக்கும். வளர வளர நீண்ட எலும்புகளின் தண்டில் அது கொழுப்பு நிறைந்த மஞ்சள் மஜ்ஜையாக மாறிவிடுகிறது. வளர்ந்தவரில் முள்ளெலும்புகள், மார்பெலும்பு, விலா எலும்புகள், இடுப்பெலும்பு, மண்டையோடு ஆகியவற்றில் சிவப்பு மஜ்ஜை தொடர்ந்து வேலை செய்கிறது. நொடிக்கு ஏறத்தாழ 20 இலட்சம் சிவப்பணுக்கள் அங்கிருந்து புறப்படுகின்றன. மஜ்ஜை மாற்றுச் சிகிச்சைக்கு வழிகாட்டிய டொனால் தாமஸுக்கு 1990இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. எலும்பின் உட்பகுதியிலிருந்து எடுத்த செல்களை நோயாளியின் நாளத்தில் செலுத்தினால், அவை தாமாகவே வழிகண்டு எலும்புகளுக்குள் குடியேறி இரத்தத்தை உருவாக்கத் தொடங்குகின்றன என்பது எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்புக் குறையாத செய்தி.

இனி, நலத்தைப் பற்றி. எலும்பின் அடர்த்தி குழந்தைப் பருவத்திலும் பருவ வயதிலும் விரைந்து கூடி, இருபதுகளின் இறுதிவாக்கில் உச்சத்தை அடைகிறது. பிறகு சில காலம் நிலையாக இருந்து, மெல்லக் குறையத் தொடங்குகிறது. பெண்களுக்கு மாதவிடாய் நின்ற பின் வரும் சில ஆண்டுகளில் இந்த இழப்பு மிக விரைவாக நிகழ்கிறது. ஆஸ்டியோகிளாஸ்ட்டுகளை அடக்கி வைத்திருந்த ஈஸ்ட்ரோஜன் என்னும் பெண் ஹார்மோன் குறைந்துவிடுவதே காரணம். பின்னாளில் எவ்வளவு இழக்கிறோம் என்பதைப் போலவே, முன்னாளில் எவ்வளவு சேர்த்தோம் என்பதும் முதுமையில் எலும்பின் வலுவைத் தீர்மானிக்கிறது. ஆகவே இதை மூத்தோரின் நோயாக மட்டும் எழுதாமல், ஓடி விளையாட வேண்டிய வயதில் நாள் முழுதும் இருக்கையில் கழிக்கும் சிறுவர் சிறுமியரின் கவலையாகவும் எழுத வேண்டும். இந்த மெலிவுக்கு வலி கிடையாது. சிறு தடுமாற்றத்தில் மணிக்கட்டோ இடுப்போ முறியும்போதுதான், அல்லது முள்ளெலும்பு நசுங்கி உயரம் குறையும்போதுதான், அது தன்னைத் தெரிவிக்கிறது.

இங்கே தங்கள் மருத்துவப் பக்கத்தைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். முழங்கால் வலியும் எலும்பு மெலிவும் ஒரே நோயாகக் கலந்து எழுதப்படுவதை அப்பக்கத்தில் சில முறை கண்டிருக்கிறேன். முழங்கால் மூட்டில் தேய்வது எலும்பு முனைகளைப் போர்த்தியிருக்கும் வழுவழுப்பான குருத்தெலும்பு. அதற்கு இரத்தக் குழாய் இல்லை. மூட்டுக்குள் இருக்கும் திரவத்திலிருந்து ஊட்டம் பெறுகிறது. ஆகவே தன்னைப் பழுதுபார்த்துக்கொள்ளும் திறன் அதற்கு மிகக் குறைவு. எலும்பு மெலிவதோ வேறு இடம், வேறு காரணம், வேறு சிகிச்சை. மூட்டு வலிக்காகக் கால்சியம் மாத்திரையைத் தாமே வாங்கி விழுங்குவோரும், வலி இல்லை என்பதால் எலும்பு அடர்த்திப் பரிசோதனையைத் தள்ளிப்போடுவோரும் இந்தக் குழப்பத்தின் இருவகை விளைவுகள்.

மாணவர் பக்கத்தில் இப்பொருளை மீண்டும் எடுத்துக்கொள்ளும்போது, முழு எலும்புக்கூட்டின் படத்தோடு, நெடுக்காக வெட்டிய தொடை எலும்பின் வண்ணப் படம் ஒன்றையும், எலும்பு உறை, கெட்டி எலும்பு, பஞ்சு எலும்பு, மஜ்ஜை, இரத்தக் குழாய் ஆகியவற்றைக் குறித்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். வினிகர் சோதனையை, பெரியவர் ஒருவரின் மேற்பார்வையில் செய்ய வேண்டும் என்ற குறிப்புடன், செய்முறையாகத் தரலாம்; செலவில்லாதது, எவரும் செய்யக்கூடியது. எலும்பு மெலிவையும் மூட்டுத் தேய்வையும் தனித்தனியே விளக்கும் கட்டுரை ஒன்றை எலும்பு மருத்துவர் ஒருவரைக் கொண்டு மருத்துவப் பக்கத்தில் எழுதச் செய்தால், இரண்டையும் ஒன்றென நினைத்திருக்கும் வாசகர்கள் தமக்கு வேண்டிய பரிசோதனை எது என்று மருத்துவரிடம் தெளிவாகக் கேட்க முடியும்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியர் ஒருவர்